கொட்டச்சேட்டில் குறை கேட்டவனுக்கு

என் கண்ணு,

போனில் பேசினால் நீ “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாதில்லையா, அதனால்தான் இந்த வேலை. வெளியே நல்ல மழை. ஏற்காடு ரோட்டில் நாய்கூட நடக்கவில்லை, இந்த மழையில் ஆணி வாங்க எவன் வருவான்? பெயிண்ட் கம்பெனிக்காரன் கொடுத்த பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் ராகு காலம், எமகண்டம் எல்லாம் தெரியும், குழம்பிக்கொள்ளாதே. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் ஆபீசில் நாலு பேருக்குக் காட்டிச் சிரிக்காதே. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியோ அதைவிட டீச்சருக்கு நிம்மதி. உன் அத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஆணி எடை போட்டுக்கொண்டே, “என்ன, புள்ளைக்கு லெட்டரா, இல்ல கோர்ட்டுக்குப் பெட்டிஷனா?” என்கிறார். ரெண்டும்தானுங்க என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் டெல்லிக்குப் பதில் சொல்லவேண்டும் என்றாய். புதிதாக ஒரு மெஷினோ கருவியோ கண்டுபிடித்தால் அதை நாடு முழுக்கப் பரப்புவதற்கு முன்னால் எப்படிச் சோதித்துப் பார்க்கவேண்டும், யாரைக் கேட்கவேண்டும், எத்தனை தடவை தோற்க விடவேண்டும், இதற்கெல்லாம் விதி எழுதுகிற வேலை என்றாய். கேட்டதும் எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. உடனே நீ அடுத்த வாக்கியத்தைச் சொன்னாய்: “நான் போகலம்மா. சொந்த மலையிலயே தோத்தவன் நான். நாட்டுக்கே விதி எழுதற நாற்காலியில போயி உக்காந்தா பாக்கறவங்க சிரிப்பாங்க.” நான் “சாப்பிட்டியா” என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். உன் அம்மா பேசாமல் போனை வைத்தது உனக்கே சந்தேகமாக இருந்திருக்கும். வேறொன்றுமில்லை சாமி, சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ எங்கே தோற்றாய் என்று உனக்கே தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், உன் பையனுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிடும். “புதுசா ஏதாச்சும் கண்டுபிடிக்கறவங்களுக்கு கவர்மெண்ட்டு ஒத்தாசை பண்ற ஆபீசுங்க” என்பேன். மஞ்சக்குட்டை ஊருக்கு ஜீப் ஓட்டுகிற டிரைவர், “அப்ப லோன் ஆபீசுன்னு சொல்லுங்க பாயம்மா” என்றான். “இல்லடா, கண்டுபிடிக்கறவங்களைக் கண்டுபிடிக்கற வேலை” என்றேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டு முழுக்கச் சொல்ல, உனக்குக் கொஞ்ச நாள் போலீஸ்காரன் என்றே பேர் இருந்தது. உனக்குத் தெரியாது.

அந்த வருஷப் பெருநாளுக்கு வந்தபோது பிரியாணி தின்றுவிட்டு, கடையில் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து நாடு நாடாகக் கதை சொன்னாய். ஜெர்மனியில் தொழில் படிக்கிற பிள்ளைகள் கொஞ்ச நாள் வகுப்பிலும் கொஞ்ச நாள் பட்டறையிலுமாக வேலை கற்றுக்கொள்வார்கள், சின்னப் பட்டறைக்காரனுக்கு ஒரு சந்தேகம் வந்தால் போய்க் கேட்பதற்கென்றே ஆராய்ச்சிக்கூடங்கள் இருக்கின்றன என்றாய். கொரியாவில் கவர்மெண்ட்டே இன்ன தொழில் வளரவேண்டும் என்று முடிவு பண்ணி, சரக்கை வெளிநாட்டுக்காரன் வாங்கினால்தான் அடுத்த உதவி என்று கறாராக நின்றார்களாம். அமெரிக்காவில் முதலில் நிறையப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்களாம், தேறினவனுக்கு மட்டும் அப்புறம் பெரிதாகக் கொடுப்பார்களாம், தேறாதவன் வேறு யோசனையோடு திரும்ப வந்து வரிசையில் நிற்கலாமாம். “நம்ம ஊர்ல என்னடா குறைச்சல்?” என்று அத்தா கேட்டார். “மூளை இருக்குது, பட்டறை இருக்குது, காலேஜ் இருக்குது, வாங்கறதுக்கு சனமும் இருக்குது அத்தா. ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சிதான் தெரியாது” என்றாய்.

நான் அப்போது கடையைக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? தண்ணி மோட்டார் வாங்க வருகிற எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் மோட்டாரை மட்டும்தான் பார்ப்பார். பைப்பு, கிளாம்பு, வாஷர், மாட்டிக் கொடுக்கிற ஆள், மாட்டினபிறகு ஓடவில்லை என்று வந்து கத்துவதற்கு நான், இத்தனையும் சேர்ந்தால்தான் தோட்டத்தில் தண்ணீர் விழும். ஒரு வாஷர் இல்லாமல் போனால் அவ்வளவு பெரிய மோட்டார் கோழி ஏறி நிற்கத்தான் உதவும். “அதேதாம்மா! இதைத்தான் நாங்க பக்கம் பக்கமா எழுதறோம்” என்று குதித்தாய். அப்புறம் அதை ஏதோ மீட்டிங்கில் உன் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டாய் என்று நீயே சொன்னாய். எனக்கு ஒரு டீகூட வாங்கித் தரவில்லை. சரி, அதற்குப் பதிலாகத்தானோ என்னவோ அந்தப் பெருநாளைக்கு எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தாய். நடந்தால் எண்ணும், நெஞ்சு துடித்தால் சொல்லும், சும்மா உட்கார்ந்தால் திட்டும் என்று கட்டிவிட்டாயே, அது. அந்தக் கடிகாரத்தைப் பற்றிக் கடைசியில் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. இப்போது கொட்டச்சேட்டுக்குப் போவோம்.

சாமை குத்துகிற மெஷினை உன் ஆபீஸ் மூலமாக நம்ம மலைக்குக் கொண்டுவந்தாய். உன் முதல் வேலை அது. சாமையின் மேல் தோல் சும்மா போகாது, பொம்பளைகள் உரலில் போட்டு இடித்து, புடைத்து, திரும்ப இடித்துக் கை காய்த்துப்போகும். அந்தப் பாடு படப் பயந்தே பாதிப் பேர் சாமை விதைப்பதை விட்டார்கள், மீதிப் பேர் தோலோடு சேலத்து வியாபாரியிடம் தள்ளிவிட்டார்கள். இங்கேயே அரிசியாக்கினால் ஏற்காடு வருகிற டூரிஸ்டுக்கு நல்ல விலைக்கு விற்கலாம் என்று நீ போட்ட கணக்கு சரியான கணக்குதான். மெஷின் வந்து இறங்கின அன்றைக்கு, கொட்டச்சேட்டில் சாமை விதைக்கிற நம்ம சடையண்ணன் காட்டு ஓரத்துக் கொட்டகையில் மேடை, மைக் செட்டு, வாழைமரம். அவரே மெஷினுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார். கம்பெனிக்காரர்கள் கீழே இருந்து கொண்டுவந்த சாமையைக் கொட்டி ஓட்டினார்கள், மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் விசில் அடித்தேன். நீ யாருடைய அம்மா இது என்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மறுநாளே நான் சேலம் போய் அந்த மெஷினுக்குப் பொருந்துகிற பெல்ட்டுகளாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். ஓடுகிற மெஷின் பெல்ட்டைத் தின்னும், இது கடைக்காரி கணக்கு. மகன் மெஷின் கொண்டுவருவான், அம்மா பெல்ட் விற்பாள், இதைவிட நல்ல குடும்பத் தொழில் உண்டா?

அப்புறம் ஒரு கூட்டம் மாற்றி ஒரு கூட்டமாக ஆபீசர்கள் வந்தார்கள். கேமராக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நம்ம கடை வாசலில்தான் வண்டியை நிறுத்தி வழி கேட்பார்கள். திரும்பி வரும்போது முகமெல்லாம் பல். “நொம்ப நல்லா இருக்குங்கன்னு எல்லாரும் சொல்றாங்கம்மா” என்பார்கள். நீயும் ஒரு நாள் ஆபீஸ் ஜீப்பில், மடிப்புக் கலையாத சட்டையில் வந்தாய். போய்ப் பார்த்துவிட்டு வந்து, “சடையண்ணன் என்னையே சார்ங்கறார்மா! சின்ன வயசுல அவர் காட்டுல கொய்யா திருடித் தின்னவனைப் போயி சார்ங்கறார்” என்று விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்த இடத்தில்தான் கண்ணு நம்ம ரெண்டு பேருக்கும் உறைத்திருக்கவேண்டும்.

பெல்ட்டுகள் ஆணியில் தொங்கினபடியே தொங்கின. சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது, மலை முழுக்க சனம், கயிறு போச்சு, பல்பு போச்சு, வாளி போச்சு, பெல்ட் மட்டும் போகவில்லை. கொட்டச்சேட்டு ஆட்கள் கடைக்கு வருவார்கள், கொக்கி வாங்குவார்கள், தாம்புக்கயிறு வாங்குவார்கள், “மெஷின் எப்படிங்க ஓடுது?” என்றால் “நொம்ப நல்லா ஓடுதுங்க பாயம்மா” என்று பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குக் கோபம் வந்தது. மெஷினைப் பற்றி ஒரு சந்தேகமும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாமல் சேலத்தில் போய் சல்லிசாக பெல்ட் வாங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று அத்தாவிடம் சபதம் போட்டுவிட்டு, பெல்ட்டை வளையல் மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு ஜீப் ஏறினேன்.

கொட்டகையில் போய்ப் பார்த்தால் மெஷின் மேல் வெள்ளை வேட்டி போர்த்தியிருக்கிறது. மாலை காய்ந்து சருகாகி அப்படியே கிடக்கிறது. சந்தனம் அழியவில்லை. தினமும் யாரோ தூசி தட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் ஊதுபத்திகூட இருந்தது. கொட்டகைக்குப் பின்னாலிருந்து டொம்மு டொம்மு என்று சத்தம். எட்டிப் பார்த்தால் சடையண்ணன் சம்சாரம் பொன்னக்கா, உரல் முன்னால். என்னைப் பார்த்ததும் உலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவ்வளவு நீள உலக்கையை எங்கே மறைக்கிறது? தலைக்கு மேல் கொடிமரம் மாதிரி நிற்கிறது.

“ஏனுங்க பொன்னக்கா, என்ன இது?”

“சும்மாதானுங்க பாயம்மா. ஒடம்பு வணங்கட்டும்னு.”

“மெஷின்?”

“அது நொம்ப நல்லா இருக்குதுங்க.”

“ஓடுதா?”

“அதானுங்க ஓட மாட்டேங்குது.”

நான் தலையில் கை வைத்து பக்கத்திலிருந்த கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் வந்தது. நம்ம மலைப் பனிக்கு சாமை எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. கீழே காய்ந்த சாமைக்குச் செய்த மெஷின், ஈரச் சாமையைப் பார்த்தால் பாதியை நொய்யாக்குகிறது, மீதியைத் தோலோடு துப்புகிறது. முதல் வாரமே தெரிந்துவிட்டதாம். “அப்புறம் ஏன்க்கா வந்தவங்ககிட்டயெல்லாம் நல்லா இருக்குன்னீங்க?” என்றேன்.

“ஏனுங் பாயம்மா, நல்லாக் கேட்டீங்க போங்க! அத்தன வளைவு ஏறி, வாந்தியெடுத்துட்டு, ஊடு தேடி வர்றாங்க. நமக்கு நல்லது பண்ணோணும்னு ஒரு சாமானத்தக் கொண்டாந்து வெச்சிருக்காங்க. அவிங்க மூஞ்சியப் பாத்து நல்லா இல்லீங்கன்னா சொல்றது? பாவமில்லீங்களா?”

“சரி, அவங்கதான் வெளியூரு. எம் பையன் வந்தானே, அவன்கிட்டயாச்சும் சொல்லக்கூடாதா? நம்ம பையனில்ல?”

பொன்னக்கா உலக்கையைக் கீழே வைத்தாள். “சட்டையப் பாத்தா நம்ம பையன் மாதிரி தெரியலீங்களே” என்றாள்.

கண்ணு, இதை இத்தனை நாள் நான் உன்னிடம் இந்த வார்த்தையில் சொல்லவில்லை. போனில் “மெஷின் ஓடலடா, ஓடி வா” என்று மட்டும்தான் சொன்னேன். நீ வந்தாய். மெஷினைச் செய்த கம்பெனியை நாலு வார்த்தை திட்டினாய், அப்புறம் உன்னையே திட்டிக்கொண்டாய். நான்தான் உன் சட்டையை உருவிவிட்டு, நீ காலேஜ் போகும்போது போட்ட ஓட்டை ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் கொடுத்து, ஆபீஸ் ஜீப் வேண்டாம், மஞ்சக்குட்டை ஜீப்பில் பின்னால் தொங்கிக்கொண்டு போ, போய் ஒரு கேள்வியும் கேட்காதே என்று அனுப்பினேன். அது ஏன் என்று கேட்காமல் போனாய் பார், அதற்கே உனக்கு டெல்லி கொடுக்கலாம்.

அங்கே நடந்ததைப் பொன்னக்கா இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறாள். நீ போய் ஊட்டில் உட்கார்ந்து களி தின்றாயாம். அப்புறம் சும்மா இருக்கமாட்டாமல் உலக்கையை எடுத்து இடிக்க ஆரம்பித்தாயாம். சாமை பாதி உரலுக்கு வெளியே, உலக்கை ஒரு தடவை உன் கால் மேல். பொன்னக்கா சிரித்து சிரித்து, “உலக்கையப் புடிக்கத் தெரியாதவன் மெஷின் கொண்டாந்தியா சாமி! உன் மெஷினு நல்லாவே இல்ல போ!” என்றாளாம். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. ஊரே வந்து திண்டாடவைத்தது உன்னை. சாமை ஈரம் ஒரு குறை. சுவிட்சு ஆம்பளை உயரத்துக்கு இருக்கிறது, பொம்பளைக்கு எட்டவில்லை. சத்தத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கொட்டகையைக் காட்டு ஓரத்தில் போட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு யார் வருவது? சடையண்ணன்கூட, “சந்தனம் வெச்சா ஓடும்னு பாத்தேன் கண்ணு, அதுவும் கேக்கல” என்றாராம். இருட்டுகிற நேரத்துக்கு நீ கடைக்கு வந்தாய். கால் கட்டைவிரல் வீங்கியிருந்தது, முகம் மட்டும் மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

அடுத்து நீ செய்ததைத்தான் நீ தோல்வி என்கிறாய். அதே மெஷினை இன்னும் பல மலைகளுக்கு வாங்க ஆர்டர் போடப்போகிற மீட்டிங். உன் ஆபீஸ் பெரியவர், எங்கே கேட்டாலும் மெஷின் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாராம். நீ எழுந்து நின்று, “மலைக்காரங்க எல்லாருமே மரியாதை தெரிஞ்சவங்க சார். அதனால நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. மெஷின் ஓடல. இதை வேற எங்கயும் அனுப்பாதீங்க. எங்களுக்கு இன்னொரு தடவை செஞ்சு பாக்க அவகாசம் குடுங்க” என்றாய். ஆர்டர் நின்றது. உன் நாற்காலியும் போனது. பழைய ஃபைல் அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க நீ போன் பண்ணும்போதெல்லாம் பின்னால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்போது நான் உன்னைக் கிண்டல் பண்ணவில்லை, கவனித்தாயா? என் வாழ்நாளில் நான் செய்த பெரிய தியாகம் அது.

ஆனால் அந்த மழைக்காலத்தில்தான் நீ சொன்ன ஜெர்மனி நம்ம கடைக்கு வந்தது. சனி ஞாயிறு ஆனால் நீ வந்துவிடுவாய். சேலத்திலிருந்து இன்ஜினியரிங் காலேஜ் டீச்சர் பெண் ஒருத்தி வருவாள், லேத்துப் பட்டறைக்காரர் வருவார், பொன்னக்கா சாமை மூட்டையோடு வருவாள். நாலு பேரும் என் கடை வாசலை அடைத்துக்கொண்டு சண்டை. அந்த டீச்சர் பெண் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுவாள், லேத்துக்காரர் “படம் நல்லாருக்கு பாப்பா, இந்த போல்ட்டை எந்தக் கையில முடுக்கறது?” என்பார், பொன்னக்கா ரெண்டு பேரையும் தள்ளிவிட்டு சாமையை வாயில் போட்டுக் கடித்து “இன்னும் ஈரம்” என்பாள். ஒருத்தர் சொல்வது மற்றவருக்குப் பிடிக்காது, ஒருத்தர் இல்லாமல் மற்றவருக்கு ஓடாது. முதலில் சூடு காற்றில் உலர்த்துகிற பெட்டி ஒன்று, அடுத்துத்தான் மெஷின் என்று முடிவானது அப்படித்தான். பெட்டி வைத்து ஓட்டின முதல் நாள் என்ன ஆச்சு? காற்று எங்கே போகவேண்டுமோ அங்கே போகாமல் திரும்பி, உமி மொத்தமும் சடையண்ணன் தலையில். கரடி மாதிரி நின்றார் மனுஷன். கண்ணை மட்டும் திறந்து, “போன தடவைக்கு இது பரவால்ல கண்ணு” என்றார். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் கடையில் ஒரு கண்ணாடி ஜாடி உடைந்தது, அதன் விலையை நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது டெல்லியிலிருந்து கூப்பிடுகிறார்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று நீயே சொன்னாய். அன்றைக்கு மீட்டிங்கில் ஒரு மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டெல்லி ஆபீசர் அம்மா. ஊர் ஊராகப் போய் நன்றாக இருக்கிறது என்ற பேச்சையே கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள், ஒரு பையன் எழுந்து ஓடவில்லை என்று சொன்னதை மறக்கவில்லை. நீ தோற்றதைப் பார்த்து இரக்கப்பட்டா கூப்பிடுகிறாள்? எனக்கு அப்படித் தெரியவில்லை. நாட்டில் புதிதாகச் செய்கிறவனுக்குப் பஞ்சமில்லை. செய்ததை ஓடவில்லை என்று ஒத்துக்கொண்டு, திரும்பச் செய்ய வழி கேட்கிறவனைத்தான் அந்த அம்மா தேடுகிறாள் போல. கண்டுபிடிக்கிறவனைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று ஜீப் ஸ்டாண்டில் சொல்லப்போகிறேன்.

நீ அங்கே போய் என்ன எழுதவேண்டும் என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் எழுதும்போது பொன்னக்காவின் உலக்கை கொஞ்சம் ஞாபகம் இருக்கட்டும். ஊர்க்காரன் சாமையைக் கொட்டி ஓட்டாமல் எந்த மெஷினுக்கும் கை தட்டக்கூடாது. கேட்கப் போகிறவன் கேமராவோடு போனால் அவனுக்கு விருந்துதான் கிடைக்கும், பதில் கிடைக்காது. போய்க் களி தின்று, காலில் உலக்கை போட்டுக்கொள்கிறவரைக்கும் உட்கார்ந்திருக்கிறவனை அனுப்பு. அப்புறம், ஓடவில்லை என்று சொல்கிறவனைத் தயவுசெய்து ஃபைல் அறையில் உட்கார வைக்காதே. அந்த மின்விசிறிச் சத்தம் கேட்கிற அம்மாமார்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி உனக்குத் தெரியாத சேதி. நேற்று முன்தினம், இதே மாதிரி மழையில், பொன்னக்கா கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, “பாயம்மா, உங்க பையனுக்கு ஒரு போன் போடுங்க. மெஷினு நல்லா இல்லைன்னு சொல்லுங்க” என்றாள். டெல்லி விஷயத்தை அவளிடம் ஏற்கெனவே நான் உளறியிருந்தேன். நீ பதில் சொல்லவேண்டிய நேரத்தில் இது வேறா? “ஏன்க்கா, மறுபடியும் நின்னுபோச்சா?” என்றேன்.

“நிக்கறதா? காலைல இருந்து பொழுதுக்கும் ஓடுது. மஞ்சக்குட்டைக்காரங்கல்லாம் மூட்டையோட வந்து வரிசைல நிக்கறாங்க. தவிடு விழுகற வாய் சின்னதா இருக்குதுங்க, அடைச்சுக்குது. அதைப் பெருசா வெக்கச் சொல்லுங்க. வெக்காட்டி நானே டெல்லிக்கு வந்து அவன் காதைத் திருகுவேன்னு சொல்லுங்க. அந்தப் பெல்ட்டு ஒண்ணு குடுங்க, தேஞ்சு அறுந்துபோச்சு.”

கண்ணு, இத்தனை நாள் தொங்கின அந்தப் பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். அத்தா எழுந்து வந்து பெல்ட்டின் தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறந்துவிட்டோம், பொன்னக்காவே திரும்பி வந்து கொடுத்துவிட்டு, “யாவாரம் பண்ணத் தெரியாத குடும்பம்” என்று திட்டிவிட்டுப் போனாள். உன் சட்டையைப் பார்த்து நம்ம பையன் மாதிரி தெரியவில்லை என்றவள் இப்போது காதைத் திருகுவேன் என்கிறாள். விருந்தாளியிடம் யாரும் குறை சொல்வதில்லை சாமி. ஊட்டுப் பிள்ளையிடம்தான் சொல்வார்கள். நீ தோற்ற இடத்திலிருந்து வந்திருக்கிற சேதி இதுதான். இந்தக் கடிதத்தோடு சேலம் பஸ்ஸில் ஒரு பொட்டலம் வரும், அந்த மெஷினில் குத்தின சாமை. பொங்கித் தின்றுவிட்டு டெல்லிக்குப் போன் பண்ணு. கொஞ்சம் நொய் கிடக்கும், அதையும் குறையாக எழுதிக்கொள்.

குறை என்றதும், அந்தக் கடிகாரம். நீ ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் “நொம்ப நல்லா இருக்கு கண்ணு” என்றே சொல்லிவந்தேன். ஆசையாக வாங்கி வந்தவன் மூஞ்சியைப் பார்த்து வேறென்ன சொல்வது? நல்லா இல்லடா. கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்து நட என்று கையைக் கிள்ளுகிறது, நான் நடந்துபோய்விட்டால் கடையை அதுவா பார்க்கும்? போன மாசம் ஒரு துக்க ஊட்டில் எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்போது, இன்றைய நடை முடிந்தது வாழ்த்துகள் என்று வாணவேடிக்கை விட்டது. அன்றைக்கே கழற்றிவிட்டேன். ஆனால் நடை ஒன்றும் ஏறவில்லை என்றால் உன் போனில் தெரிந்து நீ கவலைப்படுவாயே என்று, நம்ம ஆட்டின் முன்னங்காலில் கட்டிவிட்டிருக்கிறேன். “இன்னைக்கு நொம்ப நடந்திருக்கீங்கம்மா, சபாஷ்” என்று தினமும் மெச்சுகிறாயே, அது அதுதான். “நெஞ்சுத் துடிப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா காட்டுது, டாக்டரைப் பாருங்க” என்று போன வாரம் பதறினாய். ஆட்டை நாய் துரத்தியது. எப்படியும் பக்ரீது வரைக்கும் என் ஆரோக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஆக, நாட்டுக்கு விதி எழுதப்போகிறவனே, உனக்கு வருகிற நல்ல சேதியையெல்லாம் அனுப்புவது யார் என்று முதலில் உன் போனிலிருந்தே பார்க்க ஆரம்பி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவதற்கு முன்னால் டெல்லிக்குச் சரி என்று சொல்லிவிடு. சொன்ன கையோடு எனக்கும் போன் போடு. அப்படியே ஆட்டையும் ஒரு வார்த்தை விசாரி.

துவாவுடன், ஒரு பெல்ட் விற்ற
உன் அம்மா